கையடக்கத் தபாற்கந்தோரும் வேலைநேரமும்: மின்னஞ்சலுக்கான திறன்பேசித் தெரிவு பற்றிய ஒரு நோக்கு

1

ஒரு பொருளைத் தெரிவு செய்தல் என்பது தனிமனிதரின் விருப்பு வெறுப்புகளுடன் மட்டும் தொடர்புடைய செயலாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. என்ன விலை, என்ன அளவு, எத்தகைய தோற்றம் என்னும் வினாக்களுக்கு விடை கண்டதும் தெரிவு முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கின்றோம். ஆயின், ஒவ்வொரு கருவியும் தான் தோன்றிய சமூகச் சூழலின் தேவைகளைத் தன்னுள்ளே தாங்கியே வருகின்றது. அதனைக் கையிலெடுப்போர் அறிந்தோ அறியாமலோ அத்தேவைகளையும் ஏற்றுக்கொள்கின்றனர். செல்லுமிடமெங்கும் மின்னஞ்சலைப் பார்க்கவும் பதில் எழுதவும் வேண்டி ஒரு திறன்பேசியைத் தெரிவு செய்வோரிடத்து இவ்வுண்மை மிகத் துலக்கமாக வெளிப்படுகின்றது.

திறன்பேசி இன்று பல பணிகளை ஒருங்கே ஆற்றும் கருவியாகும். மின்னஞ்சல் அவற்றுள் ஒன்று. எனினும் விரிவுரையாளர், ஆய்வாளர், பத்திரிகையாளர், அலுவலக நிருவாகிகள், தொழிற்சங்கப் பணியாளர் ஆகியோருட் பலருக்கு அதுவே அக்கருவியின் முதன்மைப் பயனாக அமைந்துள்ளது. இத்தகையோர் எவ்வடிப்படைகளிற் கருவியைத் தெரிவு செய்தல் வேண்டும் என்பதை விளக்குவதும், அத்தெரிவின் பின்னே மறைந்துள்ள சமூக உறவு எத்தகையது என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். இதன்பொருட்டு, வட அமெரிக்காவிலே தோன்றி ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இத்துறையில் மேலாண்மை செலுத்திய பிளாக்பெரி என்னும் கருவியின் வரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

2

மின்னஞ்சல் கைக்கு வந்து சேரும் வழியை முதலில் விளங்கிக்கொள்ளுதல் அவசியமாகும். வலையமைப்பினூடாக ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குக் கடிதம் அனுப்பும் முறையை ரே டொம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1971 இல் உருவாக்கினார். பெறுநர் தமது கணினியை எந்நேரமும் இயக்கி வைத்திருப்பதில்லை. ஆதலால் வருகின்ற கடிதங்கள் எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு வழங்கியிற் சேமிக்கப்பட்டன. அங்கிருந்து அவற்றைப் பெறுவதற்கு இருவகை நெறிமுறைகள் தோன்றின. 1984 இல் வகுக்கப்பட்ட 'பொப்' என்பது ஒன்று. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் 1986 இல் வகுத்த 'ஐமப்' என்பது மற்றொன்று.

இவ்விரண்டினுக்குமுள்ள வேறுபாடு தபாற்கந்தோருக்குச் சென்று பழகிய எவருக்கும் எளிதில் விளங்கத்தக்கது. முதலாவது முறையில் நாம் கந்தோருக்குச் சென்று எமது கடிதங்களை அள்ளிக்கொண்டு வீடு திரும்புகின்றோம். பெரும்பாலும் கந்தோரில் எதுவும் எஞ்சுவதில்லை. இரண்டாவது முறையிற் கடிதங்கள் கந்தோரிலேயே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்; நாம் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே அடுக்கையே காண்கின்றோம். கந்தோரில் ஒரு கணினி, வீட்டில் ஒரு கணினி, கையில் ஒரு திறன்பேசி என வாழ்வோர்க்கு இரண்டாவது முறையே பொருந்தும். முதலாவது முறையில் அமைக்கப்பட்ட திறன்பேசி, வழங்கியிற் பிரதியை விட்டுவைக்காதவிடத்து, வழியிற் படித்த கடிதத்தை மேசைக் கணினியிற் காணாமற் செய்துவிடும்.

இவற்றினும் முக்கியமானது பிறிதொரு வேறுபாடாகும். கடிதம் வந்துள்ளதா எனக் கருவியானது இடையிடையே வழங்கியிடம் சென்று கேட்பது ஒரு வகை. கடிதம் வந்த கணத்திலேயே வழங்கி கருவிக்கு அறிவிப்பது மற்றொரு வகை. முன்னையதை நாம் 'சென்று கேட்டல்' என்றும் பின்னையதை 'தேடி வருதல்' என்றும் குறிப்பிடுவோம். சென்று கேட்கும் கருவி, கடிதம் இல்லாத வேளையிலும் வானலைத் தொடர்பை ஏற்படுத்துவதால் மின்கலத்தை வீணே செலவிடுகின்றது. அடிக்கடி கேட்டால் மின்கலம் தீரும். அரிதாகக் கேட்டால் கடிதம் பிந்தும். தேடிவரும் முறை இம்முரண்பாட்டைத் தீர்த்தது. ஆயின், தொழில்நுட்ப முரண்பாடொன்றைத் தீர்த்த அம்முறையே சமூக முரண்பாடொன்றைக் கூர்மைப்படுத்தியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

3

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து வோட்டர்லூ நகரில் மைக் லசாரிடிஸ், டக்ளஸ் பிரெஜின் ஆகிய இருவரும் 1984 இல் 'ரிசேர்ச் இன் மோஷன்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். வானலைவழித் தரவுத் தொடர்பிலும் பேஜர்க் கருவிகளிலும் ஈடுபட்ட இந்நிறுவனம் 1999 இல் பிளாக்பெரி என்னும் பெயரில் மின்னஞ்சற் சேவையொன்றை வெளியிட்டது. முதலில் வந்த கருவியிற் பேசும் வசதி இருக்கவில்லை. 2002 இல் வெளியான மாதிரியிலேயே அது சேர்க்கப்பட்டது. மின்னஞ்சலே அக்கருவியின் பிறப்புக் காரணம் என்பது இதனாற் பெறப்படும். சிறிய திரை, இரு பெருவிரல்களாலும் தட்டெழுதத்தக்க விசைப்பலகை, மிகச் சிக்கனமான மின் நுகர்வு என அதன் ஒவ்வோர் உறுப்பும் அந்த ஒரே நோக்குக்கு இயைந்ததாய் அமைந்தது. சுவர்க்கடிகாரத்திற்கு இடும் வகையைச் சேர்ந்த ஒரேயொரு சிறு மின்கலத்தைக் கொண்டு அத்தொடக்கக் கருவி பல நாள்கள் இயங்கியது.

இதன் பொறியமைப்பை மூன்று உறுப்புகளாகப் பகுத்து நோக்கலாம். வேலை கொள்வோரின் கட்டடத்துள், அஞ்சல் வழங்கிக்கு அருகே, பிளாக்பெரிக்கெனத் தனி மென்பொருள் ஒன்று நிறுவப்பட்டது. அது ஊழியர் ஒவ்வொருவரின் அஞ்சற் பெட்டியையும் இடையறாது கவனித்திருந்து, கடிதம் வந்ததும் அதனைச் சுருக்கி, மறைகுறியாக்கி வெளியே அனுப்பியது. அடுத்து அக்கடிதம் பிளாக்பெரி நிறுவனம் தானே நடத்திய இடைநிலையத்தை அடைந்தது. அங்கிருந்து தொலைபேசி நிறுவனத்தின் வானலை வழியாகக் கருவிக்குச் சென்றது. மறைகுறியை அவிழ்க்கும் சாவி முதலுறுப்பிலும் மூன்றாம் உறுப்பிலும் மட்டுமே இருந்தது. தபாற்காரர் உறையைப் பிரித்துப் படிக்க முடியாது. ஆயினும் எல்லா உறைகளும் அவரது கந்தோர் வழியாகவே செல்லவேண்டும் என்ற நிலை இது.

இவ்வமைப்பின் வலிமையும் நலிவும் ஒன்றே. மறைகுறியை அவிழ்க்க இயலாமையாற் சினங்கொண்ட அரசுகள் சில, 2010 இல் இச்சேவையைத் தடைசெய்யப் போவதாக அறிவித்தன. ஐக்கிய அரபு அமீரகமும் இந்தியாவும் இவற்றுட் குறிப்பிடத்தக்கவை. மறுபுறத்தில், 2011 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஸ்லோ நகரிலிருந்த நிலையத்தில் ஏற்பட்ட கோளாறொன்று ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆபிரிக்கா, இந்தியா ஆகிய பகுதிகளிலும் பின்னர் அமெரிக்கக் கண்டங்களிலும் சில நாள்கள் சேவையைக் குலைத்தது. ஒரு நகரத்துக் கோளாறு பல கண்டங்களின் கடிதப் போக்குவரத்தை நிறுத்தியமை, மையப்படுத்தப்பட்ட உடைமையின் இயல்பை நன்கு உணர்த்துகின்றது.

இங்கு மனங்கொள்ளவேண்டிய பிறிதொன்றும் உண்டு. பிளாக்பெரியைத் தெரிவு செய்தவர் பெரும்பாலும் அதனைப் பயன்படுத்தியவர் அல்லர். வங்கிகள், சட்டத்தரணி நிறுவனங்கள், அரச திணைக்களங்கள் ஆகியன அதனை வாங்கித் தம் ஊழியர்க்கு வழங்கின. அதனைப் பெறுதல் பதவி உயர்வின் அடையாளமாகவும் கருதப்பட்டது. 'கிராக்பெரி' என்று போதைப்பொருளின் பெயரோடு இணைத்து அதனை மக்கள் கேலியாக அழைத்தனர். 2006 இல் அமெரிக்க அகராதியொன்று இதனை ஆண்டின் சொல்லாகத் தெரிவு செய்தது. இக்கேலி, குறையைப் பயன்படுத்துவோரின் மனப்பலவீனத்தின்மீது சுமத்தியது. கருவியை வாங்கிக் கொடுத்தவர் எதனை எதிர்பார்த்து வாங்கிக் கொடுத்தார் என்ற வினா இதனால் மறைக்கப்பட்டது.

4

பிளாக்பெரியின் வீழ்ச்சி விரைவாக நிகழ்ந்தது. தனியான இடைநிலையம் இன்றியே கடிதம் தேடிவரும் முறையை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2005 இல் தன் அஞ்சல் வழங்கியிற் சேர்த்தது. 2007 இல் வெளியான அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 2008 இல் அம்முறையை ஏற்றது. அதே ஆண்டில் அன்ட்ரொயிட் தொலைபேசியும் விற்பனைக்கு வந்தது. 2012 இல் ஏறத்தாழ 80 மில்லியன் பயனரைக் கொண்டிருந்த பிளாக்பெரி, 2016 இற் கருவிகளைத் தானே ஆக்குவதை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 சனவரி 4 ஆம் திகதி பழைய கருவிகளுக்கான சேவைகள் முடிவுற்றன. கையிலிருந்த கருவி உடையாதிருந்தும் பயனற்றதாயிற்று. ஒரு கருவியை விலைகொடுத்து வாங்குவதால் மட்டும் அதன் முழு உடைமை எம்மைச் சேர்வதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மைய இடைநிலையம் இவ்வீழ்ச்சியோடு மறைந்துவிட்டதாகக் கருதுதல் தவறாகும். அது கைமாறியது என்பதே பொருத்தமாகும். இன்று திறன்பேசியில் எழும் அறிவிப்புகளுட் பெரும்பாலானவை அப்பிள் அல்லது கூகிள் நிறுவனத்தின் வழங்கிகளினூடாகவே வந்து சேர்கின்றன. அவ்வறிவிப்புகள் பற்றிய தரவுகளை அரசுகள் இந்நிறுவனங்களிடம் கோரிப் பெற்றுவந்தமை, அமெரிக்க செனற்றர் ரொன் வைடன் 2023 டிசம்பரில் எழுதிய கடிதத்தின் மூலம் வெளிச்சத்துக்கு வந்தது.

எனினும் இம்மாற்றத்தின் முற்போக்கான கூறொன்றையும் குறிப்பிடுதல் வேண்டும். பிளாக்பெரியின் பெருமை அதன் விசைப்பலகையில் தங்கியிருந்தது. ஆனால் விசைகளின்மீது எழுத்து பொறிக்கப்பட்டுவிட்டால், அவ்வெழுத்துக்குரிய மொழியே அக்கருவியின் மொழியாகிவிடும். தொடுதிரையிலோ விசைப்பலகை வெறும் உருவம். எந்த மொழிக்கும் அதனை மாற்றியமைக்கலாம். 2013 இல் வெளியான ஐபோன் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலே தமிழ் விசைப்பலகை இடம்பெற்றது. அன்ட்ரொயிட் கருவிகளிலும் தமிழில் எழுதும் வசதி இன்று பரவலாக உண்டு. விரைந்து தட்டெழுதும் இன்பத்தை இழந்தோம் என வருந்துவோர், தமிழிற் பதிலெழுதும் உரிமை அவ்விழப்போடு சேர்ந்தே வந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

5

இனி, மின்னஞ்சலை முதன்மைப் பயனாகக் கொண்டு திறன்பேசி ஒன்றைத் தெரிவு செய்வோர் கவனிக்கவேண்டியவற்றை நோக்குவோம். ஒளிப்படக் கருவியின் நுட்பமோ கணிப்பின் வேகமோ இங்கு முதன்மை பெறுவதில்லை. விலை குறைந்த கருவிகளும் அஞ்சற் பணிக்குப் போதியனவே. கவனிக்கவேண்டியவை வேறு.

முதலாவது, கருவியின் ஆயுள். அஞ்சற் சேவைகள் பாதுகாப்புக் கருதித் தம் உட்புகு முறைகளை மாற்றிவருகின்றன. பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொண்டு நுழையும் பழைய முறையை மைக்ரோசொப்ட் தனது இணையவழி அஞ்சற் சேவையில் 2022 ஒக்டோபர் தொடக்கம் நிறுத்தலாயிற்று. புதுப்பிக்கப்படாத மென்பொருளைக் கொண்ட கருவிகள் இதனாற் கதவடைக்கப்பட்டன. ஆகவே, எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருட் புதுப்பித்தல் உறுதியளிக்கப்பட்டுள்ளது என்பதே கேட்கவேண்டிய முதல் வினா. கூகிள் 2023 இலும் சம்சுங் 2024 இலும் தம் உயர்தர மாதிரிகள் சிலவற்றுக்கு ஏழாண்டு உறுதியளித்தன. மலிவான மாதிரிகளுக்கு இக்காலம் பெரும்பாலும் குறைவு. பாவித்த கருவியை வாங்குவோர், அது வெளியான ஆண்டிலிருந்தே இக்காலத்தைக் கணக்கிடல் வேண்டும். தாம் வாங்கிய நாளிலிருந்து அன்று.

இரண்டாவது, கடிதம் தேடி வருகின்றதா, சென்று கேட்கப்படுகின்றதா என்பது. இது கருவியின் விலையைப் பொறுத்ததன்று. அஞ்சற் சேவையும் மென்பொருளும் ஒன்றோடொன்று பொருந்துவதைப் பொறுத்தது. ஐபோனுடன் வரும் அஞ்சல் மென்பொருளிற் கூகிளின் இலவச அஞ்சற் கணக்கை இணைத்தால், அது குறித்த இடைவெளிகளிலே சென்று கேட்கின்றது. கூகிளின் சொந்த மென்பொருளை நிறுவினால் உடனடி அறிவிப்பு கிடைக்கின்றது. அன்ட்ரொயிட் கருவிகளில், அசைவின்றிக் கிடக்கும் வேளையிற் பின்னணிச் செயல்களை மட்டுப்படுத்தும் ஏற்பாடு 2015 இல் வெளியான ஆறாம் பதிப்பிலிருந்து உண்டு. மின்கலத்தைச் சேமிக்க இது உதவினும், மென்பொருள் சிலவற்றில் அறிவிப்பு பிந்துவதற்கும் காரணமாகின்றது.

மூன்றாவது, இணைப்புகளைப் படிக்கும் வசதி. எம்மவர்க்கு இதிலே தனியான இடர்ப்பாடொன்று உண்டு. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் ஆக்கப்பட்ட தமிழ் ஆவணங்கள் இன்றும் புழக்கத்திலுள்ளன. இவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் குறியீட்டிடங்களிலே தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. எழுத்துரு இல்லாத திறன்பேசியில் அவ்வாவணத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் இக்குறையைத் தானாகத் தீர்க்காது. தீர்வு அனுப்புவோரிடமே உள்ளது: ஆவணத்தை ஒருங்குறியில் ஆக்குதல், அன்றேல் எழுத்துரு உட்பொதிந்த பக்கவடிவில் அனுப்புதல். தனியொருவரின் தெரிவாற் தீராதன சில உண்டென்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

நான்காவது, கட்டுப்பாடு யாரிடம் உள்ளது என்பது. வேலைத்தலத்தின் அஞ்சற் கணக்கைச் சொந்தத் திறன்பேசியில் இணைக்கும்போது, நிருவாகிக்குச் சில அதிகாரங்களை வழங்க இசைகின்றீர்களா என்ற வினா திரையிற் தோன்றுவதுண்டு. பலர் வாசியாமலே இசைகின்றனர். சில ஏற்பாடுகளின்கீழ், கருவியிலுள்ள யாவற்றையும் தொலைவிலிருந்தே அழித்துவிடும் அதிகாரமும் இதனுள் அடங்கும். குடும்பப் படங்களும் அதற்கு விலக்கல்ல. அன்ட்ரொயிட்டின் 2014 ஆம் ஆண்டுப் பதிப்பு வேலைக்கெனத் தனிப் பிரிவொன்றை அமைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. இப்பிரிவுள் வேலைக்குரியவை மட்டும் இருக்கும். வேலை முடிந்ததும் பிரிவு முழுவதையும் ஓய்வில் வைக்கலாம். எமது கருத்தில், அஞ்சலுக்கெனத் திறன்பேசி தேடுவோர் கேட்கவேண்டிய வினாக்களுள் தலையாயது இதுவே: இக்கருவி அஞ்சலை எவ்வளவு விரைவாகக் கொண்டுவரும் என்பதோடு, எவ்வளவு எளிதாக நிறுத்தத்தக்கது?

6

இவ்வினா எம்மை வேலைநேரம் பற்றிய பிரச்சினைக்கு இட்டுச்செல்கின்றது. கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் தொகுதியில் (1867) வேலைநாள் பற்றி நீண்டதோர் அத்தியாயம் எழுதியமை யாவரும் அறிந்ததே. வேலைநாளின் எல்லை இயற்கையால் விதிக்கப்பட்டதன்று. வர்க்கங்களுக்கிடையிலான போராட்டத்தினாலேயே நிர்ணயிக்கப்படுவது என்பது அங்கு பெறப்படும் முடிபு. தொழிற்சாலையின் மணியும் மதிலும் ஒருபுறம் ஒடுக்குமுறையின் சின்னங்களாயினும், மறுபுறம் அவை எல்லைக் கற்களாகவும் அமைந்தன. மணி ஒலித்தபின் மதிலுக்கு வெளியே உள்ள நேரம் தொழிலாளியினுடையது. இலங்கையில் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், வாரமொன்றுக்கு நாற்பத்தைந்து மணித்தியாலம் என எல்லை வகுத்தபோதும், வேலை ஓரிடத்தில் நிகழ்வது, அவ்விடத்தை விட்டு நீங்கினால் முடிவது என்னும் எண்ணமே அதன் அடித்தளமாயிற்று.

கையடக்கத் தபாற்கந்தோர் இம்மதிலை ஓசையின்றித் தகர்த்தது. அதனை நிகழ்த்திய விதம் ஆய்வுக்குரியது. நடமாடும் மின்னஞ்சற் கருவிகளைப் பயன்படுத்திய உயர்தொழில் செய்வோர் 48 பேரை ஆராய்ந்த மெலிசா மஸ்மானியன், வண்டா ஓர்லிகௌஸ்கி, ஜோஆன் யேற்ஸ் ஆகியோர் 2013 இல் தம் முடிபுகளை வெளியிட்டனர். அவர்கள் கண்ட முரண்நிலை கவனத்துக்குரியது. ஒவ்வொருவரும் கருவி தமக்குச் சுதந்திரம் தந்ததாகவே உணர்ந்தனர். விரும்பிய இடத்தில், விரும்பிய வேளையில் வேலை செய்ய இயல்கின்றது என்றனர். ஆயின், அனைவரும் எந்நேரமும் பதிலளிக்கத் தொடங்கியதும் எந்நேரமும் பதிலளிப்பதே பொது எதிர்பார்ப்பாயிற்று. தனித்தனியே பெற்ற சுதந்திரம் கூட்டாக விலங்காக மாறிற்று.

இவ்வளர்ச்சியில் இன்னொரு மாற்றமும் கருதத்தக்கது. பிளாக்பெரிக் காலத்திற் கருவியின் விலையை வேலை கொள்வோர் ஏற்றனர். இன்று பெரும்பாலான ஊழியர் தம் சொந்தப் பணத்திலே திறன்பேசி வாங்கி, சொந்தச் செலவிலே தரவு நிரப்பி, வீட்டு மின்சாரத்திலே மின்னேற்றி வேலைத்தலத்தின் கடிதங்களுக்குப் பதிலெழுதுகின்றனர். தொழிற் கருவியின் உடைமை ஊழியருக்கு மாறிவிட்டதாகத் தோன்றலாம். உண்மையில் மாறியது அதன் செலவே. அதனாற் பிறக்கும் உழைப்பின் பயன் முன்னர்ச் சென்ற இடத்துக்கே செல்கின்றது. தெரிவு செய்யும் உரிமை எமக்குக் கிடைத்தது எனப் பெருமைப்படுவோர் அவ்வுரிமையின் விலையை யார் கொடுக்கின்றனர் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

இந்நிலைக்கு எதிரான முயற்சிகளும் தோன்றாமலில்லை. ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் நிறுவனத்தில் ஊழியர் பேரவை 2011 இற் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, வேலைநேரம் முடிந்து அரை மணித்தியாலத்தின் பின் ஊழியரின் பிளாக்பெரிக் கருவிகளுக்கு மின்னஞ்சல் அனுப்புவது நிறுத்தப்பட்டது. மறுநாள் வேலை தொடங்குவதற்கு அரை மணித்தியாலம் முன்பே அது மீண்டும் தொடங்கியது. பிரான்சில் 2017 சனவரி 1 தொடக்கம் ஐம்பது பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட நிறுவனங்கள், தொடர்பைத் துண்டிக்கும் உரிமை குறித்து ஊழியருடன் பேச்சுவார்த்தை நடத்தல் வேண்டும் எனச் சட்டம் விதித்தது. பிளாக்பெரி பிறந்த ஒன்ராறியோ மாகாணமே 2021 இல், இருபத்தைந்தும் அதற்கு மேற்பட்டும் ஊழியரைக் கொண்ட நிறுவனங்கள் இது பற்றி எழுத்திலான கொள்கையொன்றை வைத்திருத்தல் வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. கொள்கை இருக்கவேண்டும் என்றதேயன்றி, அது எவ்வுரிமையை அளிக்கவேண்டும் என்பதை அச்சட்டம் கூறவில்லை. எனவே அது பாதி வழியிலேயே நிற்கின்றது.

மேற்கூறியவற்றுள் வொல்க்ஸ்வாகன் எடுத்துக்காட்டே எமது நோக்கில் மிகுந்த தெளிவைத் தருவது. அங்கு நிறுத்தப்பட்டது கருவியன்று, வழங்கி. ஊழியர் ஒவ்வொருவரும் தம் கருவியை மௌனமாக்கியிருப்பின், மௌனமாக்கியவர் யார், மௌனமாக்காதவர் யார் என்பது மேலாளர்க்குத் தெரிந்திருக்கும். பதவி உயர்வின்போது அது நினைவிலும் வந்திருக்கும். வழங்கியிலே நிறுத்தப்பட்டமையால் அனைவரும் ஒருங்கே ஓய்வு பெற்றனர். எவரும் எவரையும் முந்தமுடியவில்லை.

7

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மின்னஞ்சலுக்கான திறன்பேசித் தெரிவு இரு தளங்களில் நிகழ்கின்றது எனலாம். ஒரு தளத்தில் அது தனிமனிதரின் அறிவார்ந்த நுகர்வு: நீண்டகாலப் புதுப்பித்தல், அஞ்சற் சேவையோடு பொருந்தும் மென்பொருள், தமிழில் எழுதவும் படிக்கவும் வசதி, வேலையையும் வாழ்வையும் பிரிக்கும் ஏற்பாடு ஆகியன கொண்ட கருவியைத் தெரிவு செய்தல். இத்தளத்திற் செய்யத்தக்கவற்றைச் செய்யாதிருத்தல் அறியாமை. மற்றத் தளத்தில் அது கூட்டுத் தெரிவு: கடிதம் எந்நேரம் தேடி வரலாம், எந்நேரம் வரலாகாது என்பதை யார் தீர்மானிப்பது என்ற வினா. இதற்கான விடை எந்தக் கடையின் கண்ணாடிப் பெட்டியிலும் விற்பனைக்கு இல்லை.

இக்கருவியை வெறுத்து ஒதுக்குமாறு நாம் கூறவில்லை. தூர ஊரிலிருந்து பயணஞ்செய்யும் ஆசிரியருக்கும், நோயுற்ற பெற்றோரின் அருகிலிருந்து பணியாற்ற வேண்டியவருக்கும், உலகெங்கும் சிதறிய உறுப்பினரை ஒன்றிணைக்கும் இயக்கத்திற்கும் இது செய்யும் உதவி பெரிது. இயந்திரத்தையும் அது பயன்படுத்தப்படும் சமூக முறையையும் வேறுபடுத்திக் காணுதல் தொழிலாளர் இயக்கம் நீண்டகால அனுபவத்தின் வாயிலாகக் கற்ற பாடமாகும். அப்பாடம் பல்கலைக்கழகத்தாராகிய எமக்கும் உரியது. மாணவருக்கு நள்ளிரவிலே கடிதம் எழுதி விடியுமுன் பதிலை எதிர்பார்க்கும் விரிவுரையாளரும், அவ்விரிவுரையாளரிடம் அதனையே எதிர்பார்க்கும் நிருவாகமும் ஒரே சங்கிலியின் கண்ணிகளே. எமது சங்கங்களும் ஒன்றியங்களும் சம்பளத்தையும் விடுமுறையையும் பற்றிப் பேசும் மேசையிலே, வழங்கி ஓய்வெடுக்கும் நேரத்தையும் ஒரு கோரிக்கையாக வைக்கும் காலம் வந்துவிட்டது.